அக்கா கேட்ட மண்

என் வசந்தா அக்காவுக்கு,

உன் வைன் இப்போது என் வீட்டில் இருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமையலறை ஜன்னலுக்குக் கீழே, வெயில் படாத மூலையில், நீ ஊற்றி வைத்த அதே பழுப்பும் வெள்ளையுமான பீங்கான் ஜாடியில். ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோவில் பக்கத்தில் வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு வந்தேன். பள்ளம் வரும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்றேன். ஆட்டோக்காரர் கடைசியில் திரும்பிப் பார்த்து, "உள்ள என்னா சார், பாம்பா?" என்று கேட்டுவிட்டார்.

உன் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். ரயில்வேயிலிருந்து ரிடையர் ஆகி இத்தனை வருஷம் ஆகியும், ஜங்ஷன் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். உன் பெண் ரோஸிக்கு அடுத்த மாதம் கல்யாணம். நீ பார்த்துப் பேசி முடித்த அதே பையன்தான். நீ போனதால் ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். பையன் வீட்டார் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

உன் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் உன் நினைவாக ஒரு மலர் போடுகிறார்கள். தம்பி என்ற முறையில் என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். "டீச்சரின் நல்ல குணங்களைப் பற்றி எழுதுங்க சார்" என்றார் தலைமை ஆசிரியை. உன் குணங்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்தவன் இந்த ஊரில் இல்லை. அதனால் வைனைப் பற்றி எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. வெட்டுவதானால் அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

கடைசி ஐந்து வருஷம் நாம் பேசவில்லை என்பது இந்த மலரைப் படிக்கப் போகிற பாதிப் பேருக்குத் தெரியும். காரணம் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், என்னையும் சேர்த்து.

நான் மன்னிக்காதவர்களின் வரிசை நீளம் என்று நீ சொல்வாய். உண்மைதான். வேதியியலில் பட்டம், அதற்கு மேல் பீங்கான் தொழிலில் டிப்ளமோ, பீங்கானுக்கு மேல் பூசும் கிளேஸ் பிரிவில் இருபத்துநான்கு வருஷ அனுபவம். இவ்வளவும் இருக்கிற என்னை விட்டுவிட்டு, அடுப்புக்கும் சூளைக்கும் வித்தியாசம் தெரியாத தன் மச்சினனை மேனேஜராக உட்கார வைத்த முதலாளி அந்த வரிசையில் முதலில் நிற்கிறார். அவருக்கு அடுத்து நீ நின்றாய். செத்துப்போன பிறகும் நின்றாய். அடக்கத்துக்கு வந்தேன், மண் போட்டேன், திரும்பினேன். என் மனசு இறங்கவில்லை, அக்கா. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஐந்து வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில், ரோஸி வந்து கதவைத் தட்டினாள்.

"மாமா, உள்ள வரலாமா? இல்ல வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போவட்டுமா?"

அந்த வாய் உன் வாய்தான். "வா. கையில என்னா?" என்றேன்.

"அம்மா போட்ட வைனு. என் கல்யாணத்துக்குன்னு போட்டது. ஒரு கண்ணாடி டம்ளர் குடுங்க."

ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அரிசி களைந்த தண்ணீரில் யாரோ சிவப்பு மையைக் கொட்டியது போல இருந்தது. டம்ளருக்குப் பின்னால் அவள் விரல்கள் தெரியவில்லை.

உன் புகுந்த வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். மாதா கோயிலில் தாலி கட்டி முடிந்து, மண்டபத்தில் கேக் வெட்டியதும், எல்லோர் கையிலும் கொஞ்சம் வைன் கொடுப்பார்கள். பெரியவர் ஒருவர் நாலு வார்த்தை பேசி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து குடிப்பார்கள். அந்த வைன் கடையில் வாங்கியதாக இருக்கக்கூடாது, பெண் வீட்டில் போட்டதாக இருக்க வேண்டும் என்பது உன் மாமியார் வைத்த சட்டம். ஆனால் உங்கள் வீட்டில் எப்போதும் எவர்சில்வர் டம்ளர்தானே? கலங்கல் யார் கண்ணில் பட்டது? இப்போது சமையல்காரர்கள் காலுள்ள கண்ணாடிக் கிளாஸ் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

"வடிகட்டிப் பாத்தியா?"

"துணியில வடிகட்டியாச்சு, பஞ்சுல வடிகட்டியாச்சு, காபி ஃபில்டர்லயும் ஊத்தியாச்சு. போனது போன மாதிரியே வெளிய வருது. ஒரு வருஷமா அப்பிடியே வெச்சிருந்தும் தெளியல. பேசாம கொட்டிட்டுப் பாண்டியில வாங்கிடலாம்னு அப்பா சொல்றாரு." டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். "கொட்டிட்டா, அப்புறம் எங்கம்மா போட்டதுன்னு ஒண்ணும் இல்ல மாமா. பன்னெண்டு பாட்டிலு தான் இருக்குது. அதை மத்தவங்க மூஞ்சி சுளிக்காம குடிக்கணும். அவ்ளோ தான்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"மண்ணு போட்டா தெளியுமாம். ஊர்ல மண்ணு படிச்சவரு நீங்க தான?" போனை எடுத்துப் படித்தாள். "பென்... டோ... பென்டோனைட். உங்க கம்பெனியில இருக்குதா?"

நான் சிரித்தேன். "அதைப் போடறதே அடியில படியாம இருக்கத்தான், ரோஸி. கிளேஸ் தொட்டியில கண்ணாடிப் பொடி, கல்லுப் பொடி எல்லாம் கீழ எறங்கிக் கெட்டியாயிடும். அது எறங்காம தூக்கிப் பிடிக்கறதுக்குத்தான் பென்டோனைட். அதைப் போய் வைன்ல போட்டா படியறதும் படியாது. உனக்கு யாரு..."

உனக்கு யாரு சொன்னது என்று கேட்க வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். இதே வாக்கியத்தை, இதே சிரிப்போடு, நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆறு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நீ போன் செய்தாய். "டேய் பாலு, ஒரு புத்தகத்துல படிச்சேன்டா. வைன்ல களிமண்ணு போட்டா தெளியுமாம். பேரு பென்டோனைட்டாம். உங்க கம்பெனியில இருக்குதாடா?" என்றாய். நான் உனக்கு ஒரு பாடமே நடத்தினேன். கணக்கு டீச்சருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்டேன். "அது வேணாம். நான் தர்றதைப் போடு" என்று சொல்லி, பொம்மை வார்க்கிற வெள்ளை மண்ணை ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பினேன். எங்கள் கம்பெனியிலேயே நைஸான மண். விரலில் தேய்த்தால் பவுடர் தோற்றுவிடும். மண் எவ்வளவு நைஸோ அவ்வளவு நல்லது என்பது எங்கள் தொழிலில் பிறந்தவுடன் சொல்லிக் கொடுப்பது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

பிறகு நடந்ததை உன் புகுந்த வீட்டார் எல்லோரும் பார்த்தார்கள். நீ மண்ணைப் போட்டுக் கலக்கியதும் ஜாடி பொங்கியது. நுரை வாய் வழியாக வழிந்து கூடம் வரைக்கும் வந்தது. சிவப்பு வைன் சாம்பல் கலந்த நீலமாகிப்போனது. வாயில் வைத்தால் சோப்பும் சுண்ணாம்பும். மண்ணும் சரியாகப் படியவில்லை. அத்தனையையும் கிணற்றடியில் கொட்டினார்கள். நான் என்ன சொன்னேன்? "நீ அலுமினியக் கரண்டியால கலக்கியிருப்ப" என்றேன். நீ மரக்கரண்டியைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சிரித்தாய்.

"எந்தம்பிக்கு மண்ணைப் பத்தித் தெரியாதது ஒண்ணும் கெடையாது. மண்ணுக்குத்தான் அது தெரியல."

கூடம் முழுக்கச் சிரித்தது. உன் வீட்டுக்காரரின் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வருஷம்தான் மேனேஜர் வேலை கை நழுவிப் போயிருந்தது. அது உனக்கும் தெரியும். நான் சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன்னிடமிருந்து ஒரு பாட்டில் வரும். பிரிக்காமல் கம்பெனி வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன். நீ இரண்டு முறை வீட்டுக்கு வந்தபோதும் பின்கட்டில் இருந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னேன். நான் இருப்பது உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். என் செருப்பு வாசலில்தானே கிடந்தது?

"பாட்டிலை வெச்சுட்டுப் போ. பாக்கறேன்" என்று ரோஸியிடம் சொன்னேன்.

இரக்கத்தில் சொன்னேன் என்று நினைக்காதே. குடைச்சல்தான் காரணம். அன்றைக்கு அது ஏன் பொங்கியது? ஆறு வருஷம் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. உன் மேல் கோபப்படுவதில் அவ்வளவு மும்முரமாக இருந்திருக்கிறேன். இரண்டும் இரண்டும் கூட்டத் தெரிந்த எவனும் முதல் நாளே கேட்டிருப்பான்.

மறுநாள் கம்பெனியிலிருந்து இரண்டு பொட்டலம் கொண்டுவந்தேன். ஒன்றில் பொம்மை மண், இன்னொன்றில் கிளேஸ் பிரிவில் போடுகிற பென்டோனைட். வரிசையாக நாலு கண்ணாடி டம்ளர் வைத்து, நாலிலும் உன் வைனை ஊற்றினேன். முதல் டம்ளரில் ஒன்றும் போடவில்லை. இரண்டாவதில், வெளிநாடுகளில் போடுவார்கள் என்று படித்திருந்ததால், முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் அடித்து ஒரு சொட்டு விட்டேன். மூன்றாவதில் பொம்மை மண். நாலாவதில், வெந்நீரில் ஊறிக் கஞ்சி போலக் கொழகொழத்துப் போன பென்டோனைட்.

என் மனைவி சாந்தி வந்து பார்த்தாள். "இது சமையக்கட்டா, லேபா? அக்கா இருந்தப்ப ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனுஷன், இப்ப நாலு டம்ளரு ஊத்தி வெச்சிருக்கீங்களே."

"குடிக்கறதுக்கு இல்ல."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாவது டம்ளர் என் கண் முன்னாலேயே பொங்கியது. அதே நுரை, கொஞ்ச நேரத்தில் அதே சாம்பல் நீலம். அப்போதுதான் மண்டையில் அடித்தது போல உறைத்தது. பொம்மை மண் வெறும் மண் இல்லையே! குறைந்த சூட்டில் வேக வேண்டும் என்பதற்காக அதில் சுண்ணாம்புக்கல் பொடி கலந்திருக்கிறோம். கலவைச் சீட்டை எழுதியவனே நான்தான். திராட்சை ரசம் புளிப்பு. புளிப்பில் சுண்ணாம்பு விழுந்தால் பொங்காமல் என்ன செய்யும்? புளிப்பு செத்தால் திராட்சையின் சிவப்பு நீலமாகும் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செம்பருத்திச் சாற்றில் செய்து பார்க்கிறார்கள். அலுமினியக் கரண்டியும் இல்லை, மரக்கரண்டியும் இல்லை. தப்பு நான் கொடுத்தனுப்பிய டப்பாவுக்குள்ளேயே இருந்தது.

நாலாவது டம்ளருக்கு வருகிறேன். இதை நீ பார்த்திருக்க வேண்டும், அக்கா. முதலில் அது இன்னும் மோசமாகக் கலங்கியது. நான் சொன்னதுதான் சரி என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், வந்தது. நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் வைனுக்குள் சின்னச் சின்னத் துணுக்குகள் தெரிந்தன, பால் திரிகிற நேரத்தில் தெரிவது போல. துணுக்கோடு துணுக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், இறங்கத் தொடங்கியது. மேலே விரல்கடை உயரத்துக்கு ஒரு சிவப்பு தெரிந்தது. உன் வைனுக்கு அப்படி ஒரு நிறம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் காலையில் டம்ளருக்குப் பின்னால் விரலை வைத்தேன். ரேகை தெரிந்தது.

தொட்டியில் எதையும் இறங்க விடாத மண், டம்ளரில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. அது எப்படி? நாலு நாள் அதே நினைப்பாகவே திரிந்தேன். சாப்பாட்டில் உப்பில்லாததுகூடத் தெரியவில்லை என்று சாந்தி சொல்கிறாள். கடைசியில் விஷயம் நீ போட்ட கோதுமையில் இருந்தது. திராட்சையோடு ஒரு பிடி கோதுமை போட வேண்டும் என்பது உன் மாமியார் சொன்ன முறைதானே? அந்தக் கோதுமையிலிருந்தும் திராட்சையிலிருந்தும் வருகிற புரதம்தான் கலங்கல். புளிப்பான நீரில் அந்தப் புரதத் துகளுக்கு நேர் மின்சுமை, இந்த மண்ணுக்கு எதிர் மின்சுமை. பார்த்த இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பாரம் தாங்காமல் இறங்கிவிடுகின்றன. கிளேஸ் தொட்டியில் அப்படிப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. அங்கே இது தண்ணீரைக் குடித்து ஊதி, வலை மாதிரி விரிந்து மற்றதைத் தாங்குகிறது. மண் ஒன்றுதான். யாரோடு இருக்கிறது என்பதுதான் வேறு. முட்டை டம்ளரில் கலங்கல் அப்படியே இருந்தது. அதனால் முட்டைக்கு இதில் வேலை இல்லை என்பதும் தெரிந்தது.

இருபத்துநான்கு வருஷம் கையால் அள்ளிப் போட்ட மண். அதற்கு இப்படி ஒரு குணம் இருக்கிறது என்று ஒரு கணக்கு டீச்சர் போன் செய்து சொன்னபோது, ஒரு டம்ளரில் போட்டுப் பார்த்திருந்தால் போதும். கால் மணி நேர வேலை. ஏன் நான் போட்டுப் பார்க்கவில்லை?

கம்பெனி மூட்டையில் இருப்பதை வாயில் வைக்கக் கூடாது. அதில் என்னென்ன கலந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? சாப்பாட்டுக்கென்றே சுத்தம் செய்த வகை கிடைக்கிறது. ரோஸி போனிலேயே தேடி வரவழைத்தாள். ஐந்து நாளில் கூரியரில் வந்தது, மிளகுத்தூள் பாக்கெட் அளவுக்கு. பிரித்து முகர்ந்தேன். மழை பெய்த வாசல் மாதிரி ஒரு வாசனை.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. உன் வீட்டிலிருந்து நான் ஆட்டோவில் கொண்டுவந்த ஜாடியில் இருப்பது பன்னிரண்டு பாட்டில். கெடுத்தால் மறுபடி போட்டுத் தர நீ இல்லை. ஏற்கெனவே ஒரு ஜாடியைக் கெடுத்தவன் நான். அதனால் மறுபடியும் டம்ளர்களில் தொடங்கினேன். ஒன்றில் அரைச் சொட்டுக் கஞ்சி, ஒன்றில் ஒரு சொட்டு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் நாலு. நாலு சொட்டு விட்டது கண்ணாடியாகத் தெளிந்தது. ஆனால் முகர்ந்து பார்த்தால் நீ போட்ட பட்டையும் கிராம்பும் எங்கோ பக்கத்து வீட்டில் இருப்பது போல இருந்தன. இந்த மண் கலங்கலை மட்டும் பிடிப்பதில்லை. கொஞ்சம் நிறத்தையும் கொஞ்சம் வாசனையையும் சேர்த்தே இழுக்கிறது. அளவு தப்பினால் தெளிவான வைன் இருக்கும், உன் வைன் இருக்காது.

ரோஸியை வரச்சொல்லி, எந்த டம்ளர் எது என்று சொல்லாமல் முகரச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். இரண்டு சொட்டு விட்டதில் நின்றாள்.

"இது அம்மா."

"அதைவிட இது நல்லாத் தெளிஞ்சிருக்குது, பாரு" என்று நாலு சொட்டைக் காட்டினேன்.

"தெளிஞ்சிருக்குது மாமா. ஆனா அம்மாவைக் காணோம்."

அந்த அளவையே எடைபோட்டு, பெருக்கி, ஒரு நாள் ஊறவைத்து, ஜாடியில் ஊற்றிக் கலக்கினேன். பத்து நாள் ஜாடியை யாரும் தொடக்கூடாது என்று சாந்தியிடம் சண்டை போட்டேன். பதினோராம் நாள் மெல்லிய குழாயைப் போட்டு மேலாக இழுத்தோம். அடியில் தயிர் மாதிரி ஒரு படிவு. அதோடு இரண்டு பாட்டில் அளவு போய்விட்டது. மிச்சம் பத்து பாட்டிலைக் கழுவிய ஜாடியிலேயே மறுபடி ஊற்றினோம்.

உன் வீட்டுக்காரர் பார்க்க வந்தார். கிளாஸைத் தூக்கி, அதற்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தார். "எழுத்து தெரியுது மாப்ள!" என்று தலைப்பைச் சத்தமாகப் படித்தார். பிறகு ஒரு வாய் குடித்தார். ரொம்ப நேரம் விழுங்கவில்லை.

"அவளது தான்" என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, எனக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார்.

"அந்த வருஷம் அவ ஸ்கூல்ல ஒரு டீச்சரு, பாண்டியில அந்த மண்ணு கெடைக்குது, வாங்கியாறேன்னு சொன்னாங்க மாப்ள. இவ வேணாம்னுட்டா. மண்ணு விஷயம், எந்தம்பி கையால வரட்டும்னுட்டா. அப்பதான் உனக்கு கம்பெனியில மனசு சரியில்லாம இருந்துச்சில்ல."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அக்கா, உன்னிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது. எந்தப் புத்தகத்தில் படித்தாய்? பொம்மை மண்ணைப் போடும்போது சந்தேகம் வரவில்லையா? வந்தும் போட்டாயா? ஜாடி பொங்கியதும், நான் கேட்டது வேற மண்ணு, நீ குடுத்தது வேற மண்ணு என்று அத்தனை பேர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். அதைச் சொல்லாமல் ஒரு கிண்டலோடு விட்டுவிட்டாய். அது என்னைக் காப்பாற்றுவதற்காக என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அது அப்படித்தானா, இல்லை உனக்கு அந்த நேரம் நிஜமாகவே சிரிப்புதான் வந்ததா? இரண்டும் இருக்கும். நீ சிரித்தது எனக்கு இன்னும் வலிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வலிக்கு நான் வைத்திருந்த காரணம் போய்விட்டது. காரணம் இல்லாத வலியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சங்கடம். ரோஸி போனில் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும், "பாலு மாமா தான் கண்டுபுடிச்சு தெளிய வெச்சாரு, எங்க மாமா பெரிய ஆளு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மண்டபத்தில் கேக் வெட்டியதும் எழுந்து நாலு வார்த்தை பேசப் போவதும் தாய்மாமன்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். கம்பெனியில் இருபத்துநான்கு வருஷத்தில் கிடைக்காத பேர் ஒரு வாரத்தில் கிடைத்திருக்கிறது. நான் மறுக்கவில்லை. மூன்று நாளாக வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இனிக்கிறது, அக்கா. அதுதான் கஷ்டம்.

அதனால்தான் இதை மலருக்கு எழுதினேன். அச்சாகிவிட்டால் பின்வாங்க முடியாது. பன்னிரண்டு பாட்டிலில் பத்தை மீட்டது நான் இல்லை, ஆறு வருஷம் முன்னால் போன் செய்த நீ என்பதை இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

ஆனால் அன்று கூடத்தில் இருந்தவர்கள் மலர் படிக்கிறவர்கள் இல்லை. அவர்கள் மண்டபத்துக்கு வருவார்கள். உன் வீட்டுக்காரரின் தங்கையும் வருவாள். அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கிளாஸைக் கையில் எடுத்ததும், குடிப்பதற்கு முன்னால், பென்டோனைட் கேட்ட அக்காவுக்குப் பொம்மை மண்ணைக் கொடுத்தனுப்பிய கதையை ஒன்று விடாமல் சொல்வேன், அலுமினியக் கரண்டி என்று நான் உன் மேல் பழி போட்டதையும் சேர்த்து. கூட்டம் சிரிக்கும். நன்றாகச் சிரிக்கட்டும். நான் எழுந்து போக மாட்டேன். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை கிளாஸைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். அதற்குப் பிறகு, உன் வைனை முதல்முறையாகக் குடிப்பேன்.

நீ பெரியவளாகவும் நான் சின்னவனாகவும் இருக்கிற முறை மாறாமல்,
உன் கூடப் பிறந்த தம்பி,
பாலு